சொல்லப்படாத பாவம்: லா தூர் தீட்டிய மதலேனாள்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் கோயில்களில் தவறாமல் நினைவுகூரப்படும் பெயர்களுள் ஒன்று மரிய மதலேனாள். அவிழ்ந்த கூந்தல், ஆறாய்ப் பெருகும் கண்ணீர், ஆண்டவரின் திருப்பாதங்களில் கவிழ்ந்த முகம் என்று ஓர் உருவம் தலைமுறை தலைமுறையாக நம் உள்ளத்தில் பதிந்து கிடக்கிறது. மறையுரைகளில் அவரை அப்படியே கேட்டிருக்கிறோம். பாஸ்கா நாடகங்களில் அப்படியே கண்டிருக்கிறோம். குருவான நானும் பல ஆண்டுகள் அவரை அவ்வாறே எடுத்துரைத்தவன்தான்.

அந்த உருவத்தை என் உள்ளத்திலிருந்து மெல்ல அகற்றிய ஓர் ஓவியத்தைப் பற்றி எழுத விழைகிறேன். குருமடத்து நூலகத்திலிருந்த ஒரு கலைநூலில் அதன் படத்தை முதலில் கண்டேன். அப்போது அது என்னை அவ்வளவாகக் கவரவில்லை. பின்னர் பாரிசில் மேற்படிப்புக்குச் சென்ற குரு நண்பர் ஒருவர் அதே ஓவியம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை எனக்கு அனுப்பினார். அந்த அட்டை இன்றும் என் மேசைமீது இருக்கிறது. மூல ஓவியத்தை நேரில் காணும் பேறு எனக்கு வாய்த்ததில்லை. எனினும், நாள்தோறும் பார்த்துப் பழகிய ஒன்றைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

ஓவியமும் ஓவியரும்

பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இவ்வோவியத்தைத் தீட்டியவர் ஜார்ஜ் த லா தூர். இன்றைய பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியில், வீக் என்னும் சிற்றூரில் 1593-இல் பிறந்தவர். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளர். திருமணத்திற்குப் பின், 1620-இல், மனைவியின் ஊராகிய லுனெவீலில் குடியேறினார். அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் லொரேன் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. படைகள் வந்தன, பின்னாலேயே பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. அதே நாட்டவரான ஜாக் கல்லோ என்னும் கலைஞர் அக்கொடுமைகளை 1633-இல் செப்புத்தகட்டு அச்சுப்படங்களாக வெளியிட்டார். சிற்றூர்கள் எரிவதையும், மரக்கிளைகளில் மனிதர்கள் தூக்கிலிடப்பட்டுத் தொங்குவதையும் இன்றும் அவற்றில் காணலாம். லா தூர் வாழ்ந்த லுனெவீலும் 1638-இல் தீக்கிரையாயிற்று.

இத்தனையையும் கண்ட ஒருவரின் ஓவியத்தில் எரியும் ஊரையோ வாளையோ எதிர்பார்ப்போம். லா தூர் தீட்டியதோ ஒரு சிறு விளக்கின் சுடரை.

ஓவியத்தில் நள்ளிரவு. மேசைமீது ஒரு கண்ணாடிக் குவளை. அதில் எண்ணெய், எண்ணெயில் திரி. நீண்டு எழும் சுடரின் நுனியில் மெல்லிய புகை. அருகே சில நூல்கள், மரத்தாலான ஒரு சிலுவை, தவமுயற்சிக்குப் பயன்படும் ஒரு கயிற்றுச் சாட்டை. மேசையருகே ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறார். ஒரு கை மோவாயைத் தாங்குகிறது; மற்றொரு கை மடியிலுள்ள மண்டையோட்டின்மீது படிந்திருக்கிறது. வெள்ளை மேலாடை தோளிலிருந்து சரிந்திருக்கிறது. இடையில் கயிறு கட்டிய பாவாடை. கால்களில் காலணி இல்லை. கூந்தல் நேராக முதுகில் விழுகிறது. அவர் பார்ப்பது சுடரை மட்டுமே. அறையில் வேறு எவரும் இல்லை. சாளரம் இல்லை, வானதூதரும் இல்லை. சுடரின் ஒளி எட்டாத இடமெல்லாம் இருள்.

லா தூர் மதலேனாளை ஒருமுறை மட்டும் தீட்டவில்லை. அவர் கைவண்ணமாக நான்கு மதலேன் ஓவியங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. லூவரில் உள்ளதை ஏறத்தாழ ஒத்த ஒன்று லாஸ் ஏஞ்சலசில் உள்ளது. மற்ற இரண்டில் ஒன்று நியூயார்க்கிலும் மற்றொன்று வாஷிங்டனிலும் உள்ளன. இவ்விரண்டிலும் மேசைமேல் ஒரு நிலைக்கண்ணாடி இடம்பெறுகிறது. ஒரே பெண்ணை, ஒரே இரவில், இத்தனை முறை ஓர் ஓவியர் தேடிச் சென்றிருக்கிறார்.

அழாத முகம்

இவ்வோவியத்தின் தனித்தன்மையை உணர, மற்ற ஓவியர்கள் மதலேனாளை எவ்வாறு தீட்டினர் என்பதை நோக்குதல் வேண்டும். வெனிசு நகரின் பேரோவியரான டிஷியன், பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய மதலேன் ஃபுளோரன்சில் உள்ளது. அதில் அவர் வானத்தை நோக்கிக் கண்ணீர் மல்க நிற்கிறார். ஆனால் அவர் உடலை மறைக்க வேண்டிய கூந்தலோ மறைப்பதைவிட மிகுதியாகக் காட்டுகிறது. கண்ணீர் பக்திக்கு, எஞ்சியது பார்ப்பவரின் கண்ணுக்கு! திரெந்து பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டு டிசம்பரில் திருவுருவங்களைப் பற்றிய தன் தீர்மானத்தில், புனிதரின் உருவங்களில் இச்சையைத் தூண்டும் அழகு இடம்பெறலாகாது என்று விதித்தது. ஆயினும், மனம்வருந்தும் பாவி என்ற பெயரால் அந்த அழகு மீண்டும் மீண்டும் கோயில்களிலும் செல்வர் மாளிகைகளிலும் நுழைந்துகொண்டே இருந்தது. மதலேனாள் அதற்கு நல்லதொரு சாக்காக ஆக்கப்பட்டார்.

பரோக் காலம் எனப்படும் பதினேழாம் நூற்றாண்டில் கண்ணீர் இன்னும் பெருகியது. குய்தோ ரேனி போன்றோர் தீட்டிய மதலேனாள்களின் கண்கள் மேல்நோக்கிச் சுழன்று, உதடுகள் விரிந்து, துயரம் முழுதும் முகத்தில் எழுதப்பட்டிருக்கும். அவற்றில் உண்மையான பக்தி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முகம் எப்போதும் நமக்காக ஒளியில் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது. தாம் பார்க்கப்படுவதை அந்தப் பெண் அறிவார்.

கரவாஜ்ஜோ ஒருவரே அவ்வழியிலிருந்து விலகினார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அவர் தீட்டி, இன்று ரோமையில் தோரியா பாம்பிலி கலைக்கூடத்தில் உள்ள ஓவியத்தில், தாழ்வான இருக்கையில் ஓர் இளம்பெண் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறார். நகைகள் தரையில் சிதறிக் கிடக்கின்றன. மூக்கின் ஓரத்தில் ஒரே ஒரு கண்ணீர்த்துளி. கூந்தலை உலர்த்தும் ஒரு பெண்ணைத் தீட்டிவிட்டு அவளுக்கு மதலேன் என்று பெயரிட்டுவிட்டார் என்பதுபோல் பெல்லோரி என்னும் வரலாற்றாசிரியர் 1672-இல் குறைபட்டுக்கொண்டார். அவர் குறையாகக் கண்டதே அவ்வோவியத்தின் நிறைவு என்பேன். மனமாற்றம் ஓர் எளிய பெண்ணின் வீட்டிற்குள் நிகழும் செயலாக அங்கேதான் காட்டப்பட்டது.

லா தூர் இன்னும் ஒருபடி சென்றார். அந்த ஒற்றைக் கண்ணீர்த்துளியையும் துடைத்துவிட்டார். லூவர் ஓவியத்தில் அழுகை இல்லை. முகம் அமைதியாக இருக்கிறது. அந்த முகமும் நம்மை நோக்கியதன்று, பக்கவாட்டில்தான் காண்கிறோம். நியூயார்க்கிலுள்ள ஓவியத்திலோ முகம் ஏறத்தாழ முழுவதுமாக அப்பால் திரும்பிவிட்டது. கன்னத்தின் விளிம்பே எஞ்சுகிறது.

நிலைக்கண்ணாடி உள்ள இரு ஓவியங்களையும் கூர்ந்து பாருங்கள். பெண்ணருகே கண்ணாடியை வைக்கும் ஓவியர் எவரும், அப்பால் திரும்பிய முகத்தை அதில் பிரதிபலித்துக் காட்டவே விரும்புவார். கண்ணாடி வரையப்படுவதே அதற்காகத்தான். ஆனால் நியூயார்க் ஓவியத்தின் கண்ணாடியில் தெரிவது மெழுகுதிரி மட்டுமே. வாஷிங்டன் ஓவியத்தின் கண்ணாடியில் தெரிவது மண்டையோடு. இரண்டிலும் மதலேனாளின் முகம் இல்லை. அவரை நமக்குக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே பொருளும் மௌனம் காக்கிறது.

இதைக் கண்டுகொண்ட நாளில்தான் இந்த ஓவியர் என்ன செய்கிறார் என்பது எனக்குப் புலப்பட்டது. இவர் இந்தப் பெண்ணின் இரகசியத்தைக் காக்கிறார்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் குரு அமரும் இடத்தை எண்ணிப் பாருங்கள். மிலான் பேராயரான புனித சார்லஸ் பொரோமேயு, தம் மறைமாவட்டக் கோயில்களின் அமைப்பு பற்றி 1577-இல் வெளியிட்ட அறிவுரைகளில், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவுக்கும் பாவ அறிக்கை செய்பவருக்கும் இடையே துளையிட்ட தடுப்பு இருக்க வேண்டுமென்று வகுத்தார். 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூலும் அவ்வாறே விதித்தது. லா தூரின் இளமைக்காலத்தில் அது புதிய வழக்கம். அங்கே குரு பக்கவாட்டில் அமர்கிறார். வருபவரின் முகத்தை நேருக்கு நேர் நோக்குவதில்லை. செவியை மட்டும் தருகிறார். லா தூர் தம் ஓவியத்தைப் பார்ப்பவரை அமர்த்துவதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். ஆனால் நமக்கு அவர் செவிகூடத் தரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒளிக்கும் இடையே நிகழ்வது அவர்களுக்குள்ளேயே இருக்கிறது. பாவ அறிக்கையின் இரகசியம் மீறப்பட முடியாதது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் பிரிவு கூறுவதை, ஓர் ஓவியர் வண்ணங்களால் கடைப்பிடித்திருக்கிறார் எனலாம்.

சேவல் கூவாத இரவு

லா தூருக்குக் கண்ணீரைத் தீட்டத் தெரியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் அவருடைய 'புனித பேதுருவின் கண்ணீர்' உள்ளது. ஆண்டு குறிக்கப்பட்ட அவருடைய மிகச் சில ஓவியங்களுள் அது ஒன்று, ஆண்டு 1645. முதியவரான பேதுரு கைகளைக் கோத்து, அண்ணாந்து, கண்கள் கலங்க அமர்ந்திருக்கிறார். தரையில் ஒரு கைவிளக்கு அவருடைய கால்களில் ஒளிவீசுகிறது. அருகே அந்தச் சேவல்!

ஒரே ஓவியர், ஒரே பொருள், ஆனால் இருவகை நடத்தை. பேதுருவை அழவிட்டவர் மதலேனாளை ஏன் அழவிடவில்லை? எனக்குத் தோன்றும் விடை இது. பேதுருவின் பாவம் என்னவென்று உலகம் அறியும். நான்கு நற்செய்திகளும் அதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கின்றன. அவர் மறுதலித்தது ஊரார் முன்னிலையில், வளாகத்துத் தீயருகே. வெளிப்படையாகச் செய்த பாவத்திற்கு வெளிப்படையான கண்ணீர் தகும். சேவலைத் தீட்டுவதால் அவருடைய இரகசியம் எதுவும் வெளியாகிவிடுவதில்லை.

மதலேனாளின் அறையில் சேவல் இல்லை. அவர் செய்த பாவத்தைச் சொல்லும் சாட்சி எதுவும் லூவர் ஓவியத்தில் இல்லை. நகையும் இல்லை, நறுமணச் சிமிழும் இல்லை. மேசையிலிருப்பவை நூலும் சிலுவையும் சாட்டையும் மட்டுமே. அவை அவர் இனி வாழப்போகும் வாழ்வைச் சொல்கின்றன. விட்டுவந்த வாழ்வைச் சொல்லவில்லை.

பெயருக்கு நேர்ந்த பிழை

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. அந்த அறையிலிருப்பவர் உண்மையிலேயே பாவியா?

திருவிவிலியத்தைப் பொறுமையோடு வாசிப்போர்க்கு விடை தெரியும். லூக்கா நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் வீட்டில் ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் பெண்ணுக்குப் பெயரே தரப்படவில்லை. அடுத்த அதிகாரத்தில்தான் மகதலா மரியாவின் பெயர் வருகிறது. ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர், தம் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்த பெண்களுள் ஒருவர் என்று லூக்கா கூறுகிறார். பேய் நீங்கப்பெறுதல் என்பது நற்செய்திகளில் துன்பத்திலிருந்து பெறும் விடுதலை. அது ஒழுக்கக்கேட்டின் பெயர் அன்று. பெத்தானியா மரியாவோ முற்றிலும் வேறொருவர்.

இம்மூவரையும் ஒருவராக்கி, ஏழு பேய்களை ஏழு தலையான பாவங்களாக விளக்கியவர் திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார். 591-ஆம் ஆண்டளவில் நிகழ்த்திய மறையுரையில் அவ்வாறு விளக்கினார். அவர் நோக்கம் நல்லதே. பெரும்பாவிக்கும் நம்பிக்கை உண்டு என்று காட்ட விரும்பினார். கீழைத் திருச்சபைகள் அவ்விளக்கத்தை ஏற்காமல் மூவரையும் தனித்தனியே போற்றிவந்தன. மேலைத் திருச்சபையிலோ அது வேரூன்றிவிட்டது. 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோதுதான் ஜூலை 22-ஆம் நாள் திருவழிபாடு, பாவியான பெண்ணை விட்டு, உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மரியாவிடம் திரும்பியது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நினைவு நாளைத் திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். 'திருத்தூதர்களின் திருத்தூதர்' என்னும் பழம்பெயர் அவருக்கு மீண்டும் உரியதாயிற்று.

ஒரு பெயரில் நேர்ந்த பிழைதானே, அதனால் என்ன என்று கேட்பவர் இருக்கலாம். அப்பிழை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 'வழிதவறிய பெண்' என்பதற்கு 'மதலேன்' என்பதே பெயராயிற்று. பல நாடுகளில் அப்பெயரால் இல்லங்கள் எழுந்தன. அயர்லாந்தில் மதலேன் சலவை இல்லங்கள் என அழைக்கப்பட்டவற்றில், திருமணமாகாமல் தாயானவர்களும், ஆதரவற்றவர்களும், குற்றம் ஏதும் செய்யாத சிறுமியரும்கூட அடைக்கப்பட்டு ஊதியமின்றி உழைத்தனர். அவற்றுள் இறுதியானது 1996-இல்தான் மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டின் பிரதமர் அப்பெண்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த இல்லங்களை நடத்தியவர்கள் துறவற சபையினர் என்பதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் பெண்களுக்கு முதலில் இழைத்த தீங்கு, அவர்களுடைய உண்மையான அல்லது கற்பிதமான பாவத்தையே அவர்களுக்குப் பெயராகச் சூட்டியதுதான்.

என் மறையுரை

தொலைவிலுள்ள அயர்லாந்தைச் சுட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றியபோது, தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மரிய மதலேனாளைப் பற்றி மறையுரை ஆற்றினேன். அவர் ஒரு விலைமகள் என்று சொன்னேன். அவருடைய நகைகளையும் நறுமணத்தையும் பழைய வாழ்வையும் விரித்துரைத்தேன். குருமடத்தில் விவிலியப் பாடம் பயின்ற எனக்கு அது உண்மையன்று என்பது தெரியும். தெரிந்தும் சொன்னேன். சொல்லச் சுவையாக இருந்தது. மக்களும் ஆழ்ந்து கேட்டார்கள். பேச்சின் நடுவில் பெண்கள் பக்கத்தில் சில தலைகள் ஒரே திசையில் திரும்பியதைப் பீடத்திலிருந்து கண்டேன். அந்தத் திசையில் ஒரு கைம்பெண் அமர்ந்திருந்தார். அவரைப் பற்றி ஊரில் ஏதோ ஒரு பேச்சு நிலவியது. அது உண்மையா பொய்யா என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறுதிவரை அசையாமல் அமர்ந்திருந்தார். அதன்பின் நான் அப்பங்கில் இருந்தவரை அவர் கோயிலுக்கு வரவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் வீட்டிற்குச் சென்றேன். "வாங்க சாமி" என்று பாயை விரித்தார், தண்ணீர் கொடுத்தார். மழையைப் பற்றியும் மகனின் படிப்பைப் பற்றியும் பேசினோம். எதற்காகச் சென்றேனோ அதை மட்டும் சொல்ல என் நா எழவில்லை. "வருகிறேன் அம்மா" என்று எழுந்துவிட்டேன். அவரும் எதையும் கேட்கவில்லை. பாவ அறிக்கையில் கேட்டதை ஒருபோதும் வெளியிடாத நாங்கள், கேட்காத ஒன்றைப் பீடத்திலிருந்து ஊரறியச் செய்துவிட முடிகிறது. அந்த அஞ்சலட்டையை நான் மேசைமீது எடுத்துவைத்தது அதன்பிறகுதான்.

ஓவியத்தின் குறை

இவ்வளவு போற்றியபின் ஓவியத்தின் குறையையும் சொல்வதே நேர்மை.

முதலாவது, லா தூரும் தம் காலத்தின் பிள்ளையே. சரிந்த மேலாடையும் வெறுங்கால்களும் பழைய கட்டுக்கதையின் எச்சங்கள். கிரகோரியார் உருவாக்கிய மதலேனாளைத்தான் அவரும் அறிந்திருந்தார். அப்பிழையை அவர் திருத்தவில்லை. அதைப் பெருக்காமல் விட்டார், அவ்வளவே.

இரண்டாவது குறை ஆழமானது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ அறிக்கை செய்பவரின் செயல்கள் மூன்று என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் கற்பித்தது: மனத்துயர், அறிக்கை, பரிகாரம். இவ்வோவியத்தில் முதலாவது இருக்கிறது. சுடரை நோக்கிய அந்தப் பார்வையை இரண்டாவதாகக் கொள்ளலாம். மூன்றாவது எங்கே? சாட்டை தவத்தின் அடையாளம் என்பர். ஆனால் தன் உடலை வருத்துவதால் பிறருக்கு இழைத்த தீங்கு ஈடுசெய்யப்படுவதில்லை. சக்கேயு எழுந்து நின்று, பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். லா தூரின் அறையிலோ திருப்பித் தரப்பட வேண்டிய அயலார் எவருமில்லை, கதவும் இல்லை. மனமாற்றம் மிக அழகாக, மிகத் தனியாக, அந்த அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இக்குறை ஓவியரின் வாழ்விலும் இருந்தது. ஆவணங்கள் காட்டும் லா தூர் மென்மையானவர் அல்லர். 1639 முதல் பிரான்சு அரசரின் ஓவியர் என்னும் பட்டம் பெற்றவர், செல்வர், வரிவிலக்குச் சலுகைகளை விடாது பற்றிக்கொண்டவர். 1646-இல் லுனெவீல் மக்கள் தங்கள் கோமகனுக்கு அனுப்பிய முறையீட்டில் அவருடைய பெயரும் வருகிறது. ஊரின் தலைவரைப்போல அவர் ஏராளமான வேட்டை நாய்களை வளர்ப்பதாகவும், அவை முயல்களைத் துரத்திப் பயிர்களை மிதித்து அழிப்பதாகவும் அவர்கள் குறைகூறினர். போரும் பஞ்சமும் தின்றுதீர்த்த நாட்டில், எஞ்சிய விளைச்சலில் ஓடியவை இந்த மாபெரும் ஓவியரின் நாய்கள்! பேதுருவின் கண்ணீரைத் தீட்டிய மறு ஆண்டு அது.

இச்செய்தியை முதன்முதலில் வாசித்தபோது ஓவியத்தின்மீதே எனக்குச் சினம் உண்டாயிற்று. பின்னர் என் நிலையை எண்ணினேன். அருட்சாதனத்தின் ஆற்றல் பணியாளரின் புனிதத்தைச் சார்ந்ததன்று என்று குருமடத்தில் கற்றோம். ஆனால் ஓவியம் அருட்சாதனம் அன்று. மறையுரையும் அருட்சாதனம் அன்று. அங்கெல்லாம் செய்பவரின் உள்ளம் எப்படியோ கலந்துவிடுகிறது. லா தூரின் உள்ளத்தில் என்ன இருந்ததென்று நாம் அறியோம். அயலாரிடம் கடுமையாக நடந்த ஒருவர், இந்த ஒரு பெண்ணிடம் மட்டும் இத்தனை கனிவாக நடந்துகொண்டார் என்பதே நாம் அறிவது. 1652 ஜனவரியில் மனைவி இறந்தார். இரண்டே வாரங்களில் அவரும் இறந்தார். பின்னர் அவர் பெயரையே உலகம் மறந்தது. 1915-இல் ஹெர்மான் ஃபோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அடையாளம் காட்டும்வரை அவருடைய ஓவியங்கள் பிறர் பெயர்களில் கிடந்தன. பிறருடைய இரகசியத்தைக் காத்தவரை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருள் மூடியிருந்தது.

இன்னும் இருட்டாயிருந்தபோது

இறுதியாக ஒன்று. இவ்வோவியம் பிழையான மதலேனாளை மனத்திற்கொண்டு தீட்டப்பட்டது என்றேன். அப்படியானால், பிழை திருத்தப்பட்டபின் இதற்கு மதிப்பில்லையா? டிஷியனின் ஓவியம் அந்தப் பிழையோடு பிணைந்தது. பாவக்கதையை நீக்கிவிட்டால் அதில் ஓர் அழகிய பெண் மட்டுமே எஞ்சுவார். லா தூரின் ஓவியத்துக்கு அந்த நிலை நேரவில்லை. அவர் பாவத்தைச் சொல்லாமல் விட்டதால், கதை நீங்கியபின்னும் ஓவியம் நிற்கிறது.

யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த ஓவியத்தைப் பாருங்கள். வாரத்தின் முதல் நாள். இன்னும் இருள் நீங்கவில்லை. மகதலா மரியா கல்லறைக்குச் செல்கிறார். அதற்கு முந்திய இரவை அவர் எவ்வாறு கழித்திருப்பார்? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. ஓய்வுநாள் முடிந்த அந்த இரவில் உறங்காமல் ஒரு விளக்கின் முன் அமர்ந்திருக்க மாட்டாரா? மடியிலிருக்கும் மண்டையோடு, தாம் உடனிருந்து கண்ட கொல்கொதாவை, மண்டையோட்டு இடத்தை, அவருக்கு நினைவூட்டாதா? மேசைமேலுள்ள சிலுவை அந்த வெள்ளிக்கிழமையின் சிலுவை ஆகாதா? அவ்வாறு நோக்கினால் இது பாவியின் இரவு அன்று. ஆண்டவரை இழந்தும் அவர்மீது கொண்ட அன்பை இழக்காத ஒரு சீடரின் இரவு. விடிந்ததும் எழுந்து போகப்போகிறவர் இவர். திருத்தூதர்களிடமே செய்தி கொண்டு செல்லப்போகிறவர். அறையில் கதவு இல்லை என்று குறை சொன்னேன். அந்தக் கதவைத் திறப்பது நற்செய்தியே.

ஓவியர் இதை எண்ணித் தீட்டினார் என்று நான் சாதிக்கவில்லை. ஒருவருடைய பாவத்தைப் பற்றி நாம் காக்கும் மௌனம், அவரைப் பற்றிய உண்மை ஒருநாள் வெளிப்பட இடம் விட்டுவைக்கிறது. இவ்வோவியத்திடம் நான் கற்ற பாடம் அதுவே. குருக்களாகிய எங்களுக்கு மட்டுமன்று, பங்கில் அடுத்தவர் வீட்டுச் செய்தியை அறிந்த நம் எல்லாருக்கும் அது பொருந்தும்.

2016-இல் விழா உயர்த்தப்பட்ட ஆண்டு, ஜூலை 22-ஆம் நாள் காலைத் திருப்பலியில், முன்பு ஒரு பங்கில் மரிய மதலேனாளைப் பற்றிப் பொய் சொன்னேன் என்று மக்கள்முன் கூறி மன்னிப்புக் கேட்டேன். அது வேறொரு பங்கு. கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்பது விளங்கியிருக்காது. கேட்க வேண்டியவர் அங்கு இல்லை. அந்தச் சிற்றூருக்கு இன்னும் ஒருமுறை செல்ல வேண்டும். அந்தப் பாயில் அமர்ந்து, அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். இதை எழுதி முடிக்கும் இவ்வேளையிலும் அஞ்சலட்டையிலுள்ள அந்தச் சுடர் என் மேசைமீது எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண் என்னை நோக்கித் திரும்பவில்லை.